முழங்காலில் நிற்க முடியாதபோது ஜெபம்

கேள்வி: எனக்கு 54 வயது. ஆறு வருடமாக முடக்குவாதம். விரல், மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் வீங்கி வலிக்கிறது. முன்பு அதிகாலை நாலரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் முழங்காலில் நின்று ஜெபிப்பேன். இப்போது அந்த நேரத்தில் கட்டிலைவிட்டு இறங்கவே முடிவதில்லை. வேதத்தைத் திறந்தால் இரண்டு வசனத்துக்குள் கண் சொருகிவிடுகிறது. கணவருக்கு எட்டு மாதமாக வேலை இல்லை. ஜெபித்தால் சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ஆரம்பித்தால் நடுவில் தொண்டை அடைத்து நின்றுவிடுகிறது. முன்பு உணர்ந்த தேவபிரசன்னம் அறவே இல்லை. சபையில் சிலர் "விசுவாசக் குறைவு" என்கிறார்கள். ஒரு சகோதரி, மாத்திரையை நிறுத்தி விசுவாசத்தைக் காட்டச் சொன்னார். இரண்டு வாரம் நிறுத்தினேன். வலி கூடியதுதான் மிச்சம். நடு இராத்திரியில் விழித்துக்கொண்டு, "கர்த்தர் என்னை எடுத்துக்கொண்டால் போதும்" என்று நினைக்கிறேன். கர்த்தர் என்னை விட்டுப் போய்விட்டாரா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை, அவர் போகவில்லை. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதைப் பின்னால் விளக்குகிறேன். அதற்கு முன் உடனே கவனிக்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன.

ஒன்று, "எடுத்துக்கொண்டால் போதும்" என்ற நினைப்பு. இதை எழுதியதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டாம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்டார் (1 இராஜாக்கள் 19:4). கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனாலும் இந்த நினைப்பில் இரண்டு வகை உண்டு. "இந்த வலி ஓய்ந்தால் போதும்" என்ற களைப்பு ஒரு வகை. "எப்படிச் சாவது" என்று மனம் வழி தேடுவது இன்னொரு வகை. உங்களுடையது இரண்டாவது வகையானால், அல்லது அந்தப் பக்கம் நகர்வதாக உங்களுக்கே பயம் இருந்தால், இந்தப் பதிலை இத்தோடு நிறுத்திவிட்டுக் கணவரிடம் சொல்லுங்கள். இன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அதுவரை தனியாக இருக்க வேண்டாம். வீட்டிலுள்ள மாத்திரைகளை வேறொருவர் வைத்துக்கொள்ளட்டும். முதல் வகைதான் என்றாலும் மருத்துவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். மனச்சோர்வு, எதிலும் பிடிப்பின்மை, தூக்கக் கேடு, "நான் யாருக்கும் பயனில்லை" என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி இருக்குமானால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நீண்டகால மூட்டு நோய் உள்ளவர்களுக்கு அது மற்றவர்களைவிட அதிகமாகவே வருகிறது. அதற்குச் சிகிச்சை உண்டு.

இரண்டாவது, நிறுத்திய மாத்திரைகள். திரும்ப ஆரம்பித்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. நீங்களாக ஆரம்பிக்காமல் மருத்துவரைக் கேட்டு ஆரம்பியுங்கள். அவற்றில் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு இருந்ததானால் நாளை என்று தள்ள வேண்டாம், இன்றே பேசுங்கள். சில வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கு, உடல் தானே சுரக்கும் அதே வகைச் சுரப்பு குறைந்துவிடும். திடீரென்று நிறுத்தினால் கடும் அசதி, வாந்தி, இரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வேறு மாதிரி. அது வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை பிடிக்கும். நிறுத்தினால் அடங்கியிருந்த வீக்கம் சில வாரங்களில் திரும்பத் தலைதூக்கும். உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் விசுவாசத்தை யாரும் எடைபோட்டுக் குறை கண்டுபிடிக்கவில்லை. மருந்து இல்லாத உடலில் நோய் தன் வேலையைச் செய்தது. திரும்ப ஆரம்பிக்கும்போது ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்த நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். விட்டுப்போனதைச் சரிக்கட்டுவதாக நினைத்துத் தினமும் சாப்பிட்டால் வாய்ப்புண்ணில் ஆரம்பித்து இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைவது வரை போகும்.

மாத்திரையை விடுவதுதான் விசுவாசம் என்று சொன்னவருக்கு எசேக்கியா ராஜாவின் கதையைக் காட்டுங்கள். மரிக்கப்போகிறாய் என்று கேள்விப்பட்டதும் அவர் அழுது ஜெபித்தார். கர்த்தர் அந்த ஜெபத்தைக் கேட்டு, ஆயுசில் 15 வருஷம் கூட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார். அடுத்து நடந்தது என்ன? அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொன்னார் ஏசாயா. கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப் போட்டார்கள். பிழைத்தார் (2 இராஜாக்கள் 20:5-7). தேவனுடைய வாக்கே கையில் இருந்தும் மருந்தும் போட்டார்கள். ஏசாயாவுக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்லத் துணிவார்?

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நீங்கள் இழந்திருப்பது தேவபிரசன்னத்தை அல்ல, அதை உணரும் சக்தியை. இது ஆறுதலுக்காகச் சொல்லும் வார்த்தை இல்லை. உங்கள் உடலில் நடப்பதை அப்படியே சொல்கிறேன். முடக்குவாதத்தில், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி மூட்டுகளைத் தாக்குகிறது. அப்போது இரத்தத்தில் கலக்கும் அழற்சிப் பொருட்கள் மூட்டோடு நின்றுவிடுவதில்லை, மூளையையும் எட்டுகின்றன. கடும் காய்ச்சலில் கிடக்கும்போது பிடித்த பாட்டுகூட நாராசமாகத் தோன்றுமே, பேரக்குழந்தை வந்து கட்டிக்கொண்டாலும் "அப்புறம் வா" என்று சொல்லத் தோன்றுமே, அந்த நிலைக்குக் காரணம் இதே பொருட்கள்தான். காய்ச்சல் நாலு நாளில் விடும். உங்களுக்கு இது ஆறு வருடமாக ஏறியும் இறங்கியும் ஓடிக்கொண்டிருக்கிறது. ருசி, சிரிப்பு, உற்சாகம் எல்லாம் மங்கிப்போன உடலில் தேவபிரசன்னத்தின் இனிமை மட்டும் மங்காமல் இருக்குமென்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நீங்கள் அதே உடலால்தான் ஜெபிக்கிறீர்கள்.

சோர்வு முழுவதையும் முடக்குவாதத்தின் தலையில் கட்டிவிடவும் வேண்டாம். இரத்தசோகை, தைராய்டு குறைவு, பி12 குறைவு, வைட்டமின் டி குறைவு ஆகியவற்றையும் இரத்தப் பரிசோதனையில் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். வேதத்தைத் திறந்ததும் கண் சொருகுவதற்கு இவற்றில் ஒன்றுகூடக் காரணமாக இருக்கலாம். பிசாசு தூங்கவைக்கிறான் என்று யாராவது சொல்வதற்கு முன் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைத் தெரிந்துகொள்வது நல்லது.

உணராமல் இருப்பதற்கும் தனியாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை 23-ஆம் சங்கீதம் இலக்கணத்திலேயே வைத்திருக்கிறது. மனப்பாடமாகச் சொல்வதால் நாம் கவனிப்பதில்லை. முதல் மூன்று வசனங்களில் தாவீது கர்த்தரைப் பற்றிப் பேசுகிறார்: அவர் மேய்க்கிறார், அவர் கொண்டுபோய்விடுகிறார், அவர் நடத்துகிறார். பசும்புல்லும் அமர்ந்த தண்ணீரும் இருக்கும்வரை "அவர்". நாலாம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வருகிறது. அங்கேதான் பேச்சு திரும்புகிறது: "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." யாரைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தவர், இருட்டுக்குள் வந்ததும் அவரிடமே பேச ஆரம்பிக்கிறார். அந்த வசனத்தில் வெளிச்சம் இல்லை, இனிமையான உணர்வு ஒன்றும் சொல்லப்படவில்லை. கோலும் தடியும் இருக்கின்றன. இருட்டில் மேய்ப்பன் முகம் ஆட்டுக்குத் தெரியாது. தன்மேல் படும் கோல் தெரியும்.

ஆகவே உணர்வைத் திரும்பக் கொண்டுவர முயற்சி செய்யாதீர்கள். இன்னும் சத்தமாக, இன்னும் நீளமாக, இன்னும் கண்ணீரோடு என்று போனால், மிச்சமிருக்கும் பலமும் தீர்ந்து மறுநாள் படுத்துவிடுவீர்கள். பிறகு "இவ்வளவு ஜெபித்தும் ஒன்றுமில்லை" என்ற புதுக் காயம் ஒன்று சேரும். பலவீனமான உடல் தாங்குகிற ஜெபத்துக்கு மாறுங்கள்.

நேரத்திலிருந்து தொடங்கலாம். அதிகாலை நாலரை உங்களுக்கு மிக மோசமான நேரம். முடக்குவாதத்தில் மூட்டு இறுக்கம் விடியற்காலையில்தான் உச்சத்தில் இருக்கும். எழுந்து அரை மணி, ஒரு மணி, சிலருக்கு அதற்கும் மேல் ஆகித்தான் விரல் மடங்கும். அந்த நேரத்தில் ஜெபிக்கவில்லை என்று உங்களை நீங்களே குற்றப்படுத்துவது, கால் முறிந்தவர் ஓடவில்லை என்று வருந்துவதுபோல. ஒரு வாரத்துக்கு ஒரு தாளில் காலை, முற்பகல், மதியம், மாலை, இரவு என்று ஐந்து வேளைக்கும் வலிக்கு ஒரு எண், தெம்புக்கு ஒரு எண் போடுங்கள், பூஜ்யத்திலிருந்து பத்துவரை. ஏழு நாளில் எந்த வேளை கொஞ்சம் இலகுவாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். பலருக்கு அது முற்பகலாக இருக்கும். அந்த வேளையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பத்து நிமிடம் போதும். மற்றபடி நாளில் இரண்டு மூன்று முறை ஒரு நிமிடம். "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும்" முறையிட்டதாகச் சங்கீதம் 55:17 சொல்கிறது. அதிகாலைக்கு மட்டும் தனி மகிமை எதுவும் இல்லை. அந்தத் தாளை மருத்துவரிடமும் காட்டுங்கள். மருந்தளவை முடிவு செய்ய அவருக்கு அது உதவும்.

தெம்பான நாளில்தான் அதிக எச்சரிக்கை தேவை. "இன்று நன்றாக இருக்கிறது, விட்டதையெல்லாம் பிடித்துவிடலாம்" என்று இரண்டு மணி நேர ஜெபம், வீடு கழுவுதல், முழு இரவு ஆராதனை என்று இறங்கினால் அடுத்த இரண்டு மூன்று நாள் படுக்கைதான். நல்ல நாளிலும் அதே பத்து நிமிடம். கெட்ட நாளில் இரண்டு நிமிடம். உபவாசமும் அப்படித்தான். வலி மாத்திரைகளில் பல, வெறும் வயிற்றில் போட்டால் குடலைப் புண்ணாக்கி இரத்தக் கசிவுவரை கொண்டுபோகும். ஸ்டீராய்டும் சேர்ந்தால் அந்த ஆபத்து இன்னும் கூடும். மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் வேண்டாம்.

முழங்காலில் நிற்க முடியவில்லை என்பதை நீங்கள் கடிதத்தில் ஒரு குற்ற அறிக்கைபோல எழுதியிருக்கிறீர்கள். வேதத்தில் ஜெபித்தவர்கள் எப்படியெல்லாம் இருந்தார்கள் என்று பாருங்கள். தாவீது கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்திருந்து பேசினார் (2 சாமுவேல் 7:18). எசேக்கியா வியாதிப் படுக்கையில் முகத்தைச் சுவர்ப்புறமாகத் திருப்பிக்கொண்டு ஜெபித்தார். யாக்கோபு மரணகாலத்தில் தன் கோலின் முனையிலே சாய்ந்து தொழுதுகொண்டார்; விசுவாச வீரர்களின் பட்டியலில் அவரைப் பற்றிச் சொல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட காட்சியே அந்த ஊன்றுகோல்தான் (எபிரெயர் 11:21). "சுவரோடு பேசுவதுபோல்" என்று எழுதினீர்கள். எசேக்கியா பார்த்ததும் சுவரைத்தான். அந்த ஜெபம் கேட்கப்பட்டது.

உட்கார்ந்தால் முதுகுக்கும் முழங்கைக்கும் முட்டுக்கொடுங்கள். பாதம் தரையில் பதியட்டும். கைகளைக் கோர்த்து இறுக்க வேண்டாம். விரல் மூட்டுகளுக்கு அது கேடு. மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் உள்ளங்கை மேல்நோக்கியிருக்க வைத்தால் மணிக்கட்டுக்கும் ஓய்வு கிடைக்கும்.

வாசிப்புக்கு, கனமான வேதத்தைக் கையில் பிடிக்க வேண்டாம். தலையணைமேல் சாய்த்து வையுங்கள், அல்லது கைபேசியில் ஒலிவேதத்தைப் போட்டுக் கேளுங்கள். நாளுக்கு மூன்று அதிகாரம் என்ற பழைய கணக்கை விட்டுவிடுங்கள். 120 முதல் 134 வரை உள்ள பதினைந்தும் ஆரோகண சங்கீதங்கள். எருசலேமுக்கு ஏறிப் போனவர்கள் வழியில் பாடியவை என்று கருதப்படுகிறது. கால் வலியோடு மேடு ஏறுகிறவர்களுக்கு ஏற்ற நீளத்தில் இருக்கின்றன. 132-ஆம் சங்கீதம் மட்டும் 18 வசனம். மற்ற எதுவும் ஒன்பதைத் தாண்டாது. 131, 133, 134 மூன்றும் மூன்று மூன்று வசனம்தான். நாளுக்கு ஒன்று, வாய்விட்டு, மெதுவாக. வாய்விட்டு வாசித்தால் கண் சொருகுவது குறையும். பதினைந்து நாளில் முடியும். திரும்ப முதலிலிருந்து தொடங்குங்கள். நடுவில் தூங்கிவிட்டால் தூங்குங்கள். எலியாவுக்குக் கர்த்தர் முதலில் கொடுத்தது தூக்கமும், தழலில் சுட்ட அடையும், தண்ணீரும். சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார். அப்போதும் தூதன் பிரசங்கம் செய்யவில்லை, இரண்டாம் தரம் எழுப்பி, பிரயாணம் வெகுதூரம் என்று சொல்லி மறுபடியும் சாப்பிடச் சொன்னான். ஓரேபிலே கேட்ட அந்த அமர்ந்த மெல்லிய சத்தம் அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான். வரிசையைக் கவனியுங்கள்.

வார்த்தையே வராத நாட்களுக்கு மூச்சு ஜெபம். மூச்சை உள்ளே இழுக்கும்போது நாலு எண்ணும் நேரத்தில் மனதுக்குள் "கர்த்தர் என் மேய்ப்பர்", வெளியே விடும்போது ஆறு எண்ணும் நேரத்தில் "தேவரீர் என்னோடிருக்கிறீர்." பத்துச் சுற்றுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். அப்போது இதயத் துடிப்பு சற்று அடங்கும், வலிக்குப் பயந்து இறுகிய தசைகள் கொஞ்சம் இளகும். தலை சுற்றினால் எண்ணிக்கையைக் குறையுங்கள். வலியைப் போக்குவதற்கான மந்திரமாக இதைப் பார்க்காதீர்கள். வலி அப்படியே இருக்கும். வலியோடு அவர் பக்கமாகத் திரும்பியிருக்க இது உதவும்.

வார்த்தை வருகிற நாட்களில் உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் துக்கம் உங்கள் ஜெபத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ஆரம்பித்து, நடுவில் தொண்டை அடைத்து நின்றுவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். நெஞ்சில் இருப்பது ஒன்று, நாவில் வருவது ஒன்று என்றால் தொண்டை அடைக்கத்தான் செய்யும். 13-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். ஆறே வசனம், முதல் இரண்டில் "எதுவரைக்கும்" நாலு முறை வருகிறது. "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று நேராகக் கேட்கிறார் தாவீது. அந்தச் சங்கீதம் அமைந்திருக்கும் விதத்தில் நீங்களும் ஐந்து வாக்கியம் எழுதலாம்: கர்த்தரைக் கூப்பிடும் ஒன்று, முறையீடு ஒன்று, வேண்டுதல் ஒன்று, அது "இன்று மாலைக்குள் கைவலி குறைந்து சட்டைப் பொத்தானையாவது நானே போட வேண்டும்" என்ற அளவுக்குக் குறிப்பாக இருக்கட்டும், அவர் முன்பு செய்த ஒரு காரியம் ஒன்று, கடைசியாகத் துதி.

இதில் பலரும் தவறுவது துதிக்கு அவசரப்படுவதில்தான். நாலாவதும் ஐந்தாவதும் வராவிட்டால் மூன்றோடு ஆமென் சொல்லுங்கள். 88-ஆம் சங்கீதம் கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது; நம்பிக்கைக்குத் திரும்பவே இல்லை. அதில் பிடித்துக்கொள்ள இருப்பது முதல் வசனத்து விளிதான்: "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே." அப்படிப்பட்ட ஜெபத்தையும் தேவன் தம் ஜனம் சொல்ல வேண்டிய ஜெபங்களில் ஒன்றாக வேதத்தில் வைத்திருக்கிறார். முறையிடுவது அவிசுவாசம் என்று உங்களிடம் யார் சொன்னாலும் அதைக் கேட்காதீர்கள். இல்லாத ஒருவரிடம் யாரும் முறையிட மாட்டார்கள்.

இரவு இரண்டு மணிக்குத் தனியாக ஒரு வழி வேண்டும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவரானால், அதை மாலையிலோ இரவிலோ போடுகிறீர்களா என்று பாருங்கள். தூக்கத்தைக் கெடுக்கும், மனநிலையையும் ஆட்டும். காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். கட்டிலருகே ஒரு தாளும் பருமனான பேனாவும் வையுங்கள். மெல்லிய பேனா உங்கள் விரலுக்கு ஆகாது. விழித்ததும் மனதில் சுற்றுவதை ஒரே வரியில் எழுதி, "காலை பத்து மணிக்கு" என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு வாழ்க்கையைப் பற்றி எந்தத் தீர்மானமும் வேண்டாம், தேவனைப் பற்றியும் வேண்டாம். அந்த நேரத்தில் வலியும் பயமும் இரட்டித்துத் தெரியும். அப்புறம் மூச்சு ஜெபம். தூக்கம் வராவிட்டால், இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை என்ற 121-ஆம் சங்கீதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் விழித்திருக்கிறார், அது போதும். நீங்களும் காவல் இருக்க வேண்டியதில்லை.

இப்போது "விசுவாசக் குறைவு" என்ற பேச்சு. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது (2 கொரிந்தியர் 12:8-9). தீமோத்தேயுவுக்கு அடிக்கடி பலவீனம் வந்தது. எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாக வியாதிப்பட்டார். துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று பவுலே எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). இவர்களில் ஒருவரிடமும் விசுவாசம் போதவில்லை என்று பவுல் சொல்லவில்லை. யாக்கோபு 5:14-15 இன்னும் தெளிவு: வியாதிப்பட்டவர் செய்ய வேண்டியது மூப்பர்களை வரவழைப்பது; விசுவாசமுள்ள ஜெபம் செய்யும் பொறுப்பு அங்கே வருகிறவர்கள்மேல் வைக்கப்பட்டிருக்கிறது. நாலுபேர் கூரையைப் பிரித்து இறக்கிய திமிர்வாதக்காரனின் கதையிலும் இயேசு கண்டது "அவர்கள் விசுவாசத்தை" (மாற்கு 2:5). படுக்கையில் கிடந்தவனைத் தனியே நிறுத்தி விசாரிக்கவில்லை. சுகமாக்கும்படி தொடர்ந்து கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. சுகம் தாமதிப்பதற்கு நீங்கள்தான் காரணம் என்ற தீர்ப்பை மட்டும் ஏற்காதீர்கள்.

காணிக்கை அனுப்பினால் சுகம் நிச்சயம் என்று யாராவது கேட்டால் ஒரு காசும் கொடுக்காதீர்கள். வேலையில்லாத வீட்டுக்கு இது பெரிய ஆபத்து. வேதனையில் இருப்பவர்களைத்தான் தேடி வருவார்கள். நாகமான் குஷ்டம் நீங்கித் திரும்பி வந்து வற்புறுத்தியும் எலிசா வெகுமதி வாங்கவில்லை (2 இராஜாக்கள் 5:16).

சபையிடம் உதவி கேளுங்கள், ஆனால் "எனக்காக ஜெபியுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் கிடைக்கும். மோசேயின் கைகள் அசந்துபோனபோது ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்தார்கள். ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவர் ஒரு பக்கமுமாகக் கைகளைத் தாங்கினார்கள், சூரியன் அஸ்தமிக்கும்வரை (யாத்திராகமம் 17:12). இரண்டே பேர், ஒரு கல், இத்தனை நேரம் என்ற அளவு. நீங்களும் இரண்டு பேரைத் தெரிந்தெடுங்கள். புத்தி சொல்லும் பழக்கம் இல்லாதவர்களாக இருக்கட்டும். இப்படிச் சொல்லலாம்: "எனக்கு இப்போது ஜெபிக்கப் பலமில்லை. இந்த மாதம் என் பங்குக்கு நீங்கள் ஜெபியுங்கள். வாரம் ஒரு நாள் வந்து பதினைந்து நிமிடம் இருங்கள். ஒரு சங்கீதம் வாசித்துவிட்டுப் போங்கள். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம்." போதகரிடம், வீட்டுக்கு வந்து திருவிருந்து தரும்படி கேளுங்கள். உணர்வு மங்கிய காலத்தில் கையில் வாங்கி வாயில் வைக்கிற ஒன்று பெரிய உதவி. அதற்கு மனதைத் தூண்டிவிட வேண்டியதில்லை.

வருகிறவர்களின் வார்த்தை காயப்படுத்தினால் அது உங்கள் பொறுமைக் குறைவு என்று நினைக்காதீர்கள். டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-இல் கீழே விழுந்து, 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருந்தார். நோயாளிகளுக்கு ஆறுதலாகச் சுகமானவர்கள் எழுதியவை தன்னைத் தொடவில்லை என்று கண்டு, நோயாளியிடமிருந்து நோயாளிகளுக்கு என்றே எழுதினார். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்ததுதான் அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம். வாய் திறந்ததும் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது அவர்கள்மேல். முறையிட்டுக்கொண்டே இருந்த யோபுதான் சரியாகப் பேசினான் என்றார் (யோபு 42:7).

உங்கள் கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரே வரிதான் இருக்கிறது. எட்டு மாதம் வேலையில்லாத மனிதர், வலியில் இருக்கும் மனைவியிடம் தன் பயத்தைச் சொல்ல மாட்டார். நீங்களும் அவரைப் பாரப்படுத்தக்கூடாது என்று உங்கள் பயத்தைச் சொல்வதில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாகக் கர்த்தரைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். இரவு படுக்குமுன் இரண்டு நிமிடம் போதும். அவர் ஒரு வாக்கியம், நீங்கள் ஒரு வாக்கியம்: இன்று எது கஷ்டமாக இருந்தது, நாளைக்கு என்ன வேண்டும். பிறகு சேர்ந்து கர்த்தருடைய ஜெபம். "இன்று" வேண்டிய ஆகாரத்தைக் கேட்கிற ஜெபம் அது; அடுத்த வருடத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அதோடு, ஒரு நோட்டில் நாளுக்கு ஒரு வரி: இன்று எனக்கு எங்கிருந்து உதவி வந்தது. யாரோ மூடியைத் திறந்து கொடுத்தது, வலி அரை மணி நேரம் விட்டது, மருத்துவமனையில் உட்கார இடம் கிடைத்தது. ஒன்றும் தோன்றாத நாளில் தேதியை மட்டும் எழுதி விட்டுவிடுங்கள். வலிந்து நன்றி எழுத வேண்டாம். உணர்வுக்கு நினைவாற்றல் குறைவு. இருந்த உதவியை அது மறுநாளே மறந்துவிடும், தாள் மறக்காது. 77-ஆம் சங்கீதக்காரனும் "தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ" என்று கேட்டுவிட்டு, மனதைத் தேற்ற முடியாமல், அவருடைய பழைய செய்கைகளை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவருகிறான். அந்த நினைவுகூருதலில்தான் அவன் ஜெபம் திசை திரும்புகிறது.

நாளை காலை மருத்துவரைக் கூப்பிடுங்கள் (ஸ்டீராய்டு விஷயமானால் இன்றைக்கே), நிறுத்திய மாத்திரைகளையும் இரவில் வரும் நினைப்பையும் இரண்டையும் சொல்லுங்கள். வலித் தாளை நாளையிலிருந்தே தொடங்கலாம். இன்று இரவுக்கு 131-ஆம் சங்கீதம் போதும், மூன்று வசனம்தான். பால் மறந்த பிள்ளை தாயின்மேல் சாய்ந்திருப்பதுபோல என்று அதில் வரும். அந்தப் பிள்ளை எதையும் கேட்கவில்லை, எதையும் சொல்லவுமில்லை, சாய்ந்திருக்கிறது. நீங்கள் தூங்கும் நேரத்துக்கு உங்களுக்காக நாங்கள் ஜெபிப்போம்.